கந்தல் மேசை

பாட்லி ஆலையில்
ஆனிஸுக்கு அடுத்த மேசை என்னுடையது.
கந்தல் பிரிப்பது எங்கள் வேலை.
ஊர் ஊராய்க் கழித்துக் கட்டின கம்பளியெல்லாம்
மூட்டையாக வந்து இறங்கும்.
தையலைப் பிரித்து, பொத்தானை அறுத்து,
நிறம் பார்த்துக் கூடையில் எறிந்தால்
கீழ்த்தளத்துப் பல்சக்கரம் அதை நாராக்கும்.
நார் மறுபடி நூலாகும்.
செத்தவன் கோட்டும் பள்ளிக்கூடம் போகும்
என்பது எங்கள் ஊர்க் கிண்டல்.

அந்தத் தூசியில்தான் ஹெட்லி வளர்ந்தான்.
நாலு வயதில் மூட்டைமேல் தூங்குவான்
பித்தளைப் பொத்தான் ஒன்றைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு.
பதினாலில் இறைச்சிக்கடைக்கு சைக்கிள் மிதித்தான்.
பத்தொன்பதில் விமானப்படை நீலம்.
விடுப்பில் வந்தவன் முழங்கையை நீட்டி
"பாரும்மா, நம்ம ஆலைச் சரக்கா?" என்றான்.
அவள் கட்டைவிரலால் ஒருதரம் தேய்த்துவிட்டு
"பாதிக்குப் பாதி பழசு" என்றாள்.
சிரித்தார்கள்.
அன்றைக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

குண்டு விமானத்தின் வால் நுனியில்
ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் இவன், துப்பாக்கியோடு.
மற்றவர்களுக்குப் போகிற ஊர் தெரியும்.
இவனுக்கு விட்டு வந்தது மட்டும்.
"அங்கிருந்து என்னடா தெரியும்?"
நான்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.
சர்க்கரை இல்லாத டீயைக்
கலக்கிக்கொண்டே இருந்தான்.
"திரும்பும்போது அரைமணி நேரம் தெரியும்" என்றான்.
எது என்று சொல்லவில்லை.
ரூர் பக்கத்து ஊர்களிலும்
யாரோ ஒருத்தி கந்தல் பிரித்திருப்பாள் என்பது
எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தோன்றியது.

பதினோராவது தடவை போனது வரவில்லை.
நாற்பத்து மூன்று, ஏப்ரல்.
தந்தியைப் பக்கத்து வீட்டுக்காரி ஆலைக்கே கொண்டுவந்தாள்.
ஆனிஸ் படித்தாள். மடித்து ஏப்ரன் பைக்குள் போட்டாள்.
பாதி பிரித்த மூட்டையை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.
மேஸ்திரி தொப்பியைக் கழற்றிவிட்டு
அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

மே மாதம் பார்சல் வந்தது.
சவரக்கத்தி. அவள் பின்னாத ஒரு சோடி சாக்ஸ்,
யார் பின்னியதோ, நல்ல கை.
முகாமில் அவன் சைக்கிள் நிற்கிறதாம்,
விற்றுப் பணம் அனுப்பட்டுமா என்று ஒரு கடிதம்.
"யாராவது ஓட்டட்டும்,
செயினுக்கு எண்ணெய் மட்டும் போடச் சொல்லு" என்று
என்னை எழுதச் சொன்னாள்.
அவளுக்கு எழுதத் தெரியாமல் இல்லை.
சீருடை வரவில்லை.
அது அரசாங்கத்துச் சொத்து.

அடுத்த குளிருக்கு நீல மூட்டைகள் வந்தன.
முழங்கை தேய்ந்தது, எண்ணெய் படிந்தது,
சிலதில் காலருக்குள் மையில் ஒரு பேரும் எண்ணும்.
யாரும் அதை அவள் பக்கம் தள்ளவில்லை.
அவளே வந்து இழுத்துக்கொண்டு போனாள்.

மேசையில் செங்குத்தாக ஒரு கத்தி முடுக்கியிருக்கும்,
ஒரே இழுப்பு, ஐந்து பொத்தானும் தெறிக்கும்.
ஆனிஸ் நீலத்தைக் கத்தியிடம் கொடுக்கவில்லை.
மடியில் கிடத்திக்கொண்டு
காலரிலிருந்து கீழாக
ஒவ்வொன்றாகக் கழற்றினாள்,
களைத்து வந்து அப்படியே தூங்கிப்போனவனுக்குக்
கழற்றிவிடுகிற மாதிரி, எழுப்பாமல்.
பிறகு பைக்குள் கையை விட்டு
கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருப்பாள்.
பஸ் டிக்கெட், பாதிப் பென்சில், மணல்.

கூலி எடைக்குத்தான். அவள் எடை குறையும்.
சனிக்கிழமை தராசு வருவதற்குள்
நாங்கள் ஆளுக்கொரு பிடி அவள் கூடையில் போடுவோம்,
கறுப்போ பழுப்போ கைக்கு வந்தது.
நிறம் கலந்திருப்பதை மேஸ்திரி பார்ப்பார்,
எடையை எழுதிக்கொண்டு நகர்வார்.
அவளுக்கும் தெரியும்.
ஒருநாளும் நன்றி சொன்னதில்லை.
சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்போம்.